இழப்பீடும் இசைவும்



கமுந்திங் என்றதும் தடுப்பு முகாம் நினைவுக்கு வருவது இயல்பு. அம்முகாமுக்குக் காரணமான உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், 1987 அக்டோபரில் ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராவின் போராட்டத் தலைவர்கள் மீதும் பாய்ந்தது. ஊராருக்காக வழக்காடிய மீனாட்சி இராமனும் தடுத்து வைக்கப்பட்டார்.

ஈயச் சுரங்கங்களில் எஞ்சிய அமாங் மணலிலிருந்து கிடைத்த மோனசைட்டை, ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982 முதல் பதப்படுத்தியது. கழிவில் தோரியம் இருந்தது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். கழிவைச் சேமிக்கப் பாப்பானில் குழிகள் வெட்டப்பட்டபோது, ஊராரின் இசைவை எவரும் கேட்கவில்லை. 1984இல் அவர்கள் சாலையை மறித்தனர், உண்ணாநோன்பு இருந்தனர். களம் கிளேடாங் மலைத்தொடருக்கு மாறியது.

1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதனை மாற்றிற்று. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. பங்குதாரரான ஜப்பானிய நிறுவனம், நோய்களுக்குப் பொறுப்பேற்காமலேயே, ஊர்ப் பள்ளிகளுக்கு நன்கொடை அளித்தது. பள்ளிகளுக்கு அது பயன்பட்டிருக்கலாம்; ஆயினும் அதனை இழப்பீடு என நாம் கொள்வதற்கில்லை. இழப்பை ஒப்புக்கொண்டவர் தருவதே இழப்பீடு. அதற்கும் முன்னதாக, மறுக்கும் உரிமை ஊராரிடம் இருத்தல் வேண்டும். சுவீடனில் அவ்வுரிமை நகராட்சிக்கு உண்டு; ஒஸ்தம்மார் நகராட்சி மன்றம் 2020இல் வாக்களித்த பின்னரே அணுக்கழிவுக் களத்துக்கு இசைவு தந்தது.