கைக்குத் தெரிஞ்ச வேலைக்கு ஒரு சான்றிதழ்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம மாமல்லபுரத்துல இருந்து தெற்கே மரக்காணம் வரைக்கும் கரையோரமா இறால் குஞ்சு பொரிப்பகங்கள் இருக்கு. நம்ம பிள்ளைங்க படிப்பு முடிச்சதும் அங்கேயும் பண்ணைகளிலும் வேலைக்குப் போறாங்க. தொட்டி கழுவுறதுல ஆரம்பிச்சு, ரெண்டு வருஷத்துல தொழிலையே கத்துக்கிறாங்க. விடியற்காலையில தண்ணியில ஆக்சிஜன் குறையும், ஏரேட்டர் ஓடணும்னு தெரியும். செக் ட்ரேயைத் தூக்கிப் பார்த்து, தீவனம் மிச்சம் இருந்தா அடுத்த வேளைக்குக் குறைக்கத் தெரியும். கொடுவா குஞ்சுல பெருசு சிறுசைத் தின்னுடும். அளவு பார்த்துப் பிரிச்சு விடத் தெரியும்.

ஆனா வேற இடத்துல வேலை கேட்டா, "சர்டிபிகேட் இருக்கா?" என்கிறாங்க. இல்லேன்னா மறுபடியும் தொட்டி கழுவுற கூலிதான். பெண் பிள்ளைங்க எத்தனை வருஷம் வேலை செஞ்சாலும் உதவிக்கு வந்த ஆளாகவே பார்க்கிறாங்க.

இதுக்கு வழி இருக்கு. 2015-ல் தொடங்கின பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், 'முன் கற்றலை அங்கீகரித்தல்' என்று ஒரு பிரிவு வைத்தார்கள். ஏற்கெனவே வேலை தெரிஞ்சவங்களுக்குக் கொஞ்ச நேரப் பயிற்சி, பிறகு தேர்வு, தேறினால் சான்றிதழ். மீன் வளர்ப்பு வேலைக்கான தரத்தை இந்திய வேளாண் திறன் கவுன்சில் வகுத்திருக்கிறது.

நமக்குப் பக்கத்துல முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கு. 1997-ல் இந்தியாவிலேயே முதல்முறையாகக் கொடுவாவை வளர்ப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தது இந்த நிறுவனம்தான். அவர்கள் பயிற்சியும் கொடுக்கிறார்கள். ஒன்று கவனியுங்க: பயிற்சியில் கலந்துகிட்டதுக்குக் கொடுக்கிற சான்று வேற, தேர்வு வைத்துத் திறனைப் பார்த்துக் கொடுக்கிற சான்று வேற. எது கிடைக்கும்னு முதலிலேயே கேளுங்க.

நாளைக்கு நம்ம பெண்களே குளம் எடுத்து மீன் வளர்க்கலாம். 2020-ல் வந்த பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் என்று வைத்தார்கள். தொழில் கத்துக்கிட்டு இறங்கினாத்தான் போட்ட பணம் நிற்கும்.

நான் கேட்கிறது இதுதான். ஒவ்வொரு குழுவும் பண்ணை வேலைக்குப் போற பிள்ளைங்க பேரை எழுதிக் கொடுங்க. தனித்தனியா அலையாம, கூட்டமைப்பே பட்டியலோட மகளிர் திட்ட அலுவலகத்துல போய்க் கேட்கட்டும். சான்றிதழ் வாங்கித் தர்றேன்னு வர்ற தரகர் கையில ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. ஆதார்ல இருக்கிற மாதிரியே பேரை எழுதுங்க.

வேலை நம்ம பிள்ளைங்க கையில இருக்கு. அதுக்கு அத்தாட்சியும் அவங்க கையில இருக்கணும்.