வாட்ச் வாங்கப் போகிறீர்களா?

(கொச்சி வெளி மைதானத்துக்குப் பக்கத்தில் உள்ள டோபிக் கானாவில், மாலை வகுப்பில் ஒரு தொண்டர் பேசியது)



போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஓர் அக்கா என்னைக் கேட்டார். "தங்கச்சி, எனக்கு ஒரு வாட்ச் வாங்கணும். ரொம்ப விலை கொடுக்க முடியாது. சீக்கிரம் கெட்டும் போகக் கூடாது. எதை வாங்கலாம்?" அவருக்குப் பதிலாகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் உள்ள மணிக்கூண்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பரதேசி யூதப் பள்ளியை ஒட்டி நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரகபி என்ற வணிகர் கட்டியது. அந்தக் கடிகாரத்தில் ஒரு பக்கம் எபிரேய எண்கள். ஒரு பக்கம் ரோமன் எண்கள். இன்னொரு பக்கம் மலையாள எண்கள். யாருக்கு எது தெரியுமோ அதைப் பார்த்துக்கொள்ளலாம். கை வாட்சில் அந்த வசதி இல்லை. அதில் எழுதியிருப்பதை நாம்தான் படித்தாக வேண்டும்.

என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அம்மா அப்போது செம்மீன் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்தார். திருவிழாக் கடையில் 300 ரூபாய் கொடுத்து ஒரு வாட்ச் வாங்கினார். "பெரிய கம்பெனி வாட்ச்" என்று கடைக்காரர் சொன்னார். அம்மா நம்பினார். அவருக்கு அப்போது இங்கிலீஷ் எழுத்து தெரியாது. இரண்டாம் மாதமே வாட்ச் மெதுவாக ஓடத் தொடங்கியது. ஒரு நாள் அரை மணி நேரம் பிந்திப் போய் நின்றார். அவர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. அன்றைய கூலி போயிற்று.

அன்று இரவு நான் அந்த வாட்சை வாங்கிப் பார்த்தேன். கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. போலி. அம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு அம்மா வகுப்புக்கு வந்தார். எழுத்துப் படித்தார். ஒரு நாள் டி.வி.யில் விளம்பரம் ஓடியது. அம்மா அதைப் பார்த்தார், தன் கையையும் பார்த்தார். "ஏண்டி, உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டார். நான் ஒன்றும் பேசவில்லை.

அதனால் முதலில் பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

"செல்போனில்தான் மணி தெரிகிறதே, வாட்ச் எதற்கு?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சோப்புக் கையோடு செல்போனை எடுக்க முடியுமா? கஞ்சியில் துணி முக்கும்போது முடியுமா?

பெரியவர்கள் எச்.எம்.டி. வாட்சைக் கேட்கிறார்கள். அது அரசாங்கக் கம்பெனி. 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 'ஜனதா' என்ற அதன் சாவி வாட்ச் ரொம்பப் பிரபலம். நம் களமசேரியில் எச்.எம்.டி. ஜங்ஷன் இருக்கிறது. அங்கேதான் வாட்ச் செய்தார்கள் என்று நானும் வெகுநாள் நினைத்தேன். இல்லை, அங்கே செய்தது இயந்திரங்கள். 2016ல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவு செய்தது. இப்போது பழைய வாட்சுக்குப் புது முகம் வரைந்து, புதியது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். முகம் பளபளவென்று இருக்கும். உள்ளே தேய்ந்த சக்கரங்கள் இருக்கும். எச்சரிக்கை.

சாவி வாட்சுக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போகலாம். பேட்டரி வாட்சுக்கு அந்த வேலை இல்லை. அதற்குள் குவார்ட்ஸ் என்ற சிறு படிகம் இருக்கிறது. அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணித்தான் முள் நகர்கிறது. மாதத்துக்கு அரை நிமிடம்கூடத் தவறாது. அன்றாட வேலைக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. 1984ல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கின. ஓசூரில் தொழிற்சாலை அமைத்தார்கள். அந்தக் கம்பெனியின் விலை குறைந்த வாட்ச்தான் சொனாட்டா. நல்ல கம்பெனி வாட்சுகள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன.

இனி தண்ணீர் விஷயம். நமக்கு இதுதான் முக்கியம். வாட்சின் பின்பக்கம் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று இங்கிலீஷில் இருக்கும். பக்கத்தில் 30, 50, 100 என்று ஓர் எண் இருக்கும். 30 மீட்டர் என்றால் 30 மீட்டர் ஆழத்தில் மூழ்கலாம் என்று நினைக்காதீர்கள். மழைத்துளி படலாம், கை கழுவலாம், அவ்வளவுதான். அசையாத நீரின் அழுத்தத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது. நாம் தொட்டியில் கையை விட்டு அலசுகிறோம், கல்லில் அடிக்கிறோம். அதனால் 50க்குக் குறையாமல் வாங்குங்கள். 100 இருந்தால் இன்னும் நல்லது. அப்படியிருந்தும் கல்லில் துணி அடிக்கும்போது வாட்சைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள். அடி பட்டால் வாட்ச் கெட்டுப் போகலாம். சோப்பும் சுடுநீரும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுத்துவிடும்.

தோல் வார் வேண்டாம். வியர்வையில் நாறும், அறுந்தும் போகும். ரப்பர் வார் நமக்கு ஏற்றது. பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் முலாம் பூசிய மூடி வேர்வையில் அரிக்கும், கையிலும் அரிப்பு வரும்.

பேட்டரி சுமார் இரண்டு வருடம் வரும். தீர்ந்ததும் உடனே மாற்றுங்கள். பழைய பேட்டரி உள்ளேயே கிடந்தால் கசிந்து வாட்சைக் கெடுத்துவிடும். மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையை விட்டு இறங்கும் முன் பில் வாங்குங்கள். கியாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். ஏமாற்றினால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986ல் வந்தது. 2019ல் புதிய சட்டம் செய்தார்கள். அதன்படி இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். ஆனால் பில் இல்லாமல் போனால் பேச்சு எடுபடாது. அம்மாவிடம் பில் இல்லை.

சரி, இப்போது வாட்ச் கட்டியிருப்பவர்கள் எல்லோரும் அதைக் கழற்றுங்கள். திருப்பிப் பாருங்கள். முன் வரிசை அக்கா, உங்கள் வாட்சில் என்ன எண் போட்டிருக்கிறது? மெதுவாகப் படியுங்கள், அவசரம் இல்லை.