மிதிவண்டிப் பயணமும் மனித மாண்பும்

(வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

     

வெள்ளிவிழாவின் நினைவாக நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் ஒன்றைக் குழுவாக மேற்கொண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு நிதி திரட்ட நம் இளைஞர்கள் எண்ணியுள்ளனர். அது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தனர். எண்ணம் உயர்ந்தது, வாழ்த்துகிறேன். அதனை எவ்வாறு நிறைவேற்ற வேண்டும் என்பது பற்றிச் சில கருத்துகளைக் கூற விழைகிறேன்.

மிதிவண்டி நம் மக்களுக்கு வெறும் ஊர்தியன்று. சேரியிலிருந்து வண்டியேறிப் புறப்பட்டவன், ஊர்த்தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பல சிற்றூர்களில் இருந்தது. அதை மீறியதற்காக அடிபட்டவர் உண்டு. 2001-2002ஆம் கல்வியாண்டில், மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு இலவச மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கிற்று. பின்னரே அது ஏனைய மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. ஆகவே, தன் விருப்பப்படி ஓரிடம் சென்று வரும் உரிமை எத்துணைப் பெரிது என்பதை நமக்கு வேறொருவர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வுரிமையை இன்னும் முழுமையாகப் பெறாதோர் நம் தெருக்களிலேயே உள்ளனர்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் இது நூற்றுக்கு 2.21. பட்டியல் இனத்தவரை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 2.45. இந்த வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் ஊட்டக்குறைவு, காலந்தாழ்ந்த மருத்துவம், ஆபத்து நிறைந்த கூலி வேலை ஆகியவை எவர் வீட்டில் மிகுதி என்று எண்ணிப் பாருங்கள். சாதியால் ஒரு முறையும் உடற்குறையால் மறுமுறையும் ஒதுக்கப்படும் குழந்தைகள் நம்முடையவர்கள்.

நெடும் மிதிவண்டிப் பயணங்களுக்கு நம் நாட்டிலேயே நல்ல சான்றுகள் உள்ளன. ஐதராபாத்தைச் சேர்ந்த ஆதித்ய மேத்தா விபத்தில் ஒரு காலை இழந்தவர். 2013இல் தில்லியில் நடைபெற்ற ஆசிய மிதிவண்டிப் போட்டியில், மாற்றுத்திறனாளிகள் பிரிவில் இரு வெள்ளிப் பதக்கங்களை வென்றார். அவர் நிறுவிய அறக்கட்டளை 'இன்ஃபினிட்டி ரைடு' என்னும் பயணங்களை நடத்துகிறது. 2020 நவம்பரில் காஷ்மீரத்திலிருந்து புறப்பட்ட குழு, 3,800 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, டிசம்பர் இறுதியில் நம் கன்னியாகுமரியை அடைந்தது. கால் இழந்தவர்களும் அதில் மிதித்து வந்தனர். மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கும் கருவிகளுக்கும் நிதி திரட்டுவதே நோக்கம். இரு கால்களும் இயங்காதோர்க்குக் கையால் சுழற்றி ஓட்டும் வண்டியும் இன்று உண்டு.

புனே நகரத்துத் திவ்யான்ஷு கணாத்ரா, கண் அழுத்த நோயால் தம் 19ஆம் வயதில் பார்வை இழந்தவர். 2016இல், இருவர் மிதிக்கும் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து, மணாலியிலிருந்து கடல்மட்டத்துக்கு 5,300 மீட்டருக்கும் மேலே உள்ள கார்துங் லா கணவாய்க்குச் சென்றார். பின்னர் அவருடைய அமைப்பு, பார்வையுள்ளோரும் பார்வையற்றோரும் இணைந்து செல்லும் குழுப் பயணங்களை அவ்வழியில் நடத்திற்று.

அவ்வண்டியின் அமைப்பைக் கவனியுங்கள். முன்னிருப்பவர் திருப்பத்தையும் தடையையும் பார்த்துக்கொள்கிறார். மிதிக்கும் பொறுப்போ இருவருக்கும் உரியது. இருவர் மிதிகட்டைகளும் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றாகவே சுழல்கின்றன. பள்ளம் வருகிறது, வளைவு வருகிறது என்று முன்னிருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மலையேற்றத்தில் பின்னிருப்பவரின் கால்வலிமை இல்லையேல் முன்னிருப்பவர் திணறுவார். யார் யாருக்கு உதவினார் என்று அங்கே பிரித்துச் சொல்ல இயலாது. நம் பயணம் அத்தகையதாக இருத்தல் வேண்டும்.

மேலிருந்து நீளும் கையை நம் சமுதாயம் நன்கு அறியும். அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்திற்குச் சென்றபோது, தண்ணீரை எவரிடமும் இரந்து நிற்கவில்லை. பொதுக் குளத்து நீரைப் பிறரைப் போலவே முகந்து பருகினார். பிறர் இரக்கத்தை நம்பியிராமல் உரிமையை நாடிய வழி நம்முடைய வழி. அதையே மாற்றுத்திறனாளிகளுக்கும் நாம் வழங்க வேண்டாமா?

சட்டம் அவர்களுக்குத் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நூற்றுக்கு 40க்குக் குறையாத குறைபாடுடையோர்க்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களும், அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களும் உண்டு. சான்றிதழ் இல்லாதவனுக்கு இவற்றுள் ஒன்றும் கைக்கு எட்டாது.

எனவே, இளைஞர்களே, மூன்று செயல்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, புறப்படும் முன் நம் தெருக்களில் வீடுவீடாகச் செல்லுங்கள். எவருக்கு மருத்துவச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லை, எந்தக் குழந்தை பள்ளிக்கு வரவில்லை என்று ஏட்டில் எழுதுங்கள். விடுபட்டோரை மருத்துவ முகாமுக்கு உடனிருந்து அழைத்துச் செல்லுங்கள். நூறு கல் மிதிப்பதினும் இது கடினம்.

இரண்டாவது, பயணக் குழுவில் அவர்களும் இடம்பெறட்டும். மிதிக்க இயன்றவர் மிதிக்கட்டும். இயலாதவர் வழித்திட்டம் வகுக்கட்டும், கணக்கு எழுதட்டும், கூட்டங்களில் தம் தேவையைத் தாமே எடுத்துரைக்கட்டும். மேடையில் வரிசையாக நிறுத்திப் பொருள் கொடுத்துப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, திரட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். நம் கழகப் படிப்பகத்தின் வாயிலில் மூன்று படிகள் உள்ளன. சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் இல்லை. திரட்டிய நிதியில் முதற்செலவு அதுவாகட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வியின் கதவைத் திறந்து வைத்திருக்கும் இக்கழகத்தில், நம்முள் ஒருவரும் வாயிற்படியில் நின்றுவிடலாகாது. உங்கள் பயணம் வெல்க!