கொடுப்பவனும் கொடையும்



1886ஆம் ஆண்டு முதல் இத்தைப்பிங் நகரில் நின்று நிலவும் சகல பரிசுத்தவான்கள் ஆலயத்தை நாள்தோறும் காணும் உங்கள் முன்னே, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் பட்டணத்தில் மூன்றாம் நூற்றாண்டில் மூண்ட ஒரு வழக்கை எடுத்துரைக்க விழைகிறேன்.

டேசியஸ் சக்கரவர்த்தியின் ஆணைக்கு அஞ்சி 250ஆம் ஆண்டில் தேவர்களுக்குப் பலியிட்டவர்களும், பலியிடாமலே பொருள் கொடுத்துச் சான்றுச்சீட்டு வாங்கிக்கொண்டவர்களும் மனம் நொந்து திரும்பி வந்தபோது, அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாகாது என்று ரோமாபுரியில் நொவேஷியன் பிரிந்துபோய்த் தனிச்சபை கண்டார். அச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் தாய்ச்சபையை நாடி வந்தால், அவருக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா? சபைக்குப் புறம்பே பரிசுத்த ஆவி இல்லையாதலால் கொடுத்தே தீரவேண்டும் என்றார் கார்த்தேஜின் அத்தியட்சர் சிப்ரியன். கைகளை வைத்து ஏற்றுக்கொண்டாலே போதும் என்றார் ரோமாபுரியின் அத்தியட்சர் ஸ்தேவான். 256இல் கூடிய ஆலோசனைச் சங்கத்தில் அத்தியட்சர்கள் 87 பேர் சிப்ரியன் பக்கமே நின்றனர். இரண்டே ஆண்டுகளில் விசுவாசத்திற்காகத் தம் சிரத்தையே வாளுக்கு ஈந்த அம்மகானை நான் வணங்குகிறேன். ஆயினும் அவருடைய தீர்ப்பை என் உள்ளம் ஏற்கவில்லை. ஞானஸ்நானம் கிறிஸ்துவுடையதேயன்றிக் கொடுக்கும் குருவுடையதன்று என்று, பிற்காலத்தில், குருவின் தகுதியைப் பொறுத்தே ஞானஸ்நானம் செல்லும் என்ற டொனேட்டஸ் கட்சியாரை மறுத்து அகஸ்தீன் நாட்டிய கொள்கையே எனக்கு உடன்பாடு.

அதே வழக்கு நம் தமிழ் மண்ணிலும் வேறு உருவில் வந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் அத்தியட்சராக உயர்ந்த அசரியாவும் அவருடைய தோழர்களும் 1919இல் தரங்கம்பாடியில் கூடிச் சபைகளின் ஐக்கியத்திற்கு அறைகூவியபோது, அத்தியட்சரின் கைவைப்பின்றி அபிஷேகம் பெற்ற போதகர்கள் மறுபடியும் அபிஷேகம் பெறவேண்டுமா என்ற வினா குறுக்கே நின்றது. அதற்கு விடை காண இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. இங்கிலாந்தில் பலர் கடுமையாக எதிர்த்தும், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும், மெதடிஸ்டுகளும், பிரெஸ்பிட்டீரியரையும் காங்கிரிகேஷனலாரையும் முன்னரே இணைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றாயினர். எந்தப் போதகருக்கும் மறு அபிஷேகம் இல்லை! இனி வருவோர்க்கே அத்தியட்சரின் கைவைப்பு என்பது ஏற்பாடு. பிரெஸ்பிட்டீரியப் போதகராயிருந்த நியூபிகின் அன்றே மதுரை - இராமநாதபுரத்தின் அத்தியட்சரானார். அசரியாவோ அந்நாளைக் காணாமல் 1945இன் முதல் நாளிலேயே மறைந்துவிட்டார்.

அந்த மண்ணிலிருந்து கப்பலேறி வந்து பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களின் வழிவந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், ஆங்கிலிக்கர் என்றும் மெதடிஸ்டு என்றும் லூத்தரன் என்றும் இன்னும் தனித்தனியே கூடுகின்றனர். ஸ்தாபனங்கள் ஒன்றாவதற்குக் காலம் செல்லட்டும். ஒருவர் பெற்ற ஞானஸ்நானத்தை மற்றவர் ஐயுறாமல் ஏற்று, ஒரே திருவிருந்தில் அமர முன்வாருங்கள் என்று இவ்வூர்ச் சபை மூப்பர்களைக் கைகூப்பி வேண்டுகிறேன்.