ஆலிவ் ரொட்டியும் பொது அடுப்பும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இயலும் இசையும் முழங்கும் இம்மேடையில், இரயில்வே எழுத்தர் ஒருவர் ரொட்டியைப் பற்றிப் பேச வந்து நிற்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். எனினும் உணவின்றி விழா இல்லை. மத்தியதரைக் கடலோர மக்கள் ஆலிவ் காயும் நறுமணத் தழையும் சேர்த்துச் சுடும் ரொட்டியை நம் குடியிருப்பு வீடுகளில் எவ்வாறு செய்வது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். பெரிய கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் இதனைக் காணும்போது, செல்வர் வீட்டுப் பண்டம் என்று கருதி நாம் ஒதுங்கிவிடுகின்றோம். உண்மை அதுவன்று. இஃது உழைக்கும் மக்களின் உணவு. ஓர் அடுப்பைப் பலர் பங்கிட்டுக்கொண்டவர்களின் உணவு.

இத்தாலியின் வடமேற்கே லிகூரியா என்னும் கடற்கரைப் பகுதி உள்ளது. அதன் தலைநகர் ஜெனோவா. அங்கே இந்த ரொட்டிக்கு ஃபொக்காச்சா என்று பெயர். இலத்தீன் மொழியில் ‘ஃபோகுஸ்’ என்றால் அடுப்பு. அச்சொல்லிலிருந்து பிறந்ததே இப்பெயர். தென்னித்தாலியின் பாரி நகரத்தார் தக்காளியையும் ஆலிவையும் மாவின் மேல் பதித்துச் சுடுவர். பிரான்சின் புரோவான்சுப் பகுதியில் இலை நரம்பைப் போலக் கீறிச் சுடுவர். லெபனானில் ஸாத்தர் என்னும் மூலிகைப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசிச் சுடும் மனூஷே, 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பெயர் பலவாயினும் மாவு, உப்பு, எண்ணெய், தழை என்பவையே அடிப்படை.

ஆலிவ் காயை மரத்திலிருந்து பறித்தவுடன் தின்ன இயலாது, அத்துணைக் கசப்பு. உப்பு நீரில் பல வாரம் ஊறவைத்தே அதனைப் பதப்படுத்துவர். மாவடு போட்டுப் பழகிய நம் தாய்மார்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேட்டோ என்னும் உரோமானியர் தம் வேளாண்மை நூலில், ஆலிவை நறுக்கி எண்ணெயும் காடியும் சேர்த்துக் கொத்துமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், புதினா முதலியவற்றோடு கலக்கும் முறையைக் கூறுகின்றார். நம் அஞ்சறைப் பெட்டிக்கும் அந்த அடுக்களைக்கும் உள்ள நெருக்கத்தைப் பாருங்கள்!

நிற்க. செய்முறைக்கு வருவோம். அரைக் கிலோ மைதா, 325 மில்லி லிட்டர் வெதுவெதுப்பான நீர், 5 கிராம் உலர் ஈஸ்ட், 8 கிராம் உப்பு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், கொட்டை நீக்கிய ஆலிவ் 100 கிராம். இவ்வளவே வேண்டுவன. மைதாவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த அளவுக்குக் கோதுமை மாவு சேர்ப்பதும் நன்று. அப்போது நீர் சிறிது கூடுதலாக வேண்டும்.

ஈஸ்ட் என்பது உயிருள்ள பொருள். மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, கரியமில வாயுவை வெளியிடும். இட்டிலி மாவு பொங்குவதும் இவ்வாறே நுண்ணுயிர்களால்தான். அங்கே அவை தாமே வந்து சேர்கின்றன. இங்கே நாம் சேர்க்கின்றோம். ஆகலின் கொதிநீரை ஊற்றினால் ஈஸ்ட் மடிந்துவிடும். கை பொறுக்கும் இளஞ்சூடே போதும்.

அனைத்தையும் கலந்து, அரைமணி நேரம் மூடி வையுங்கள். பின்னர் ஈரக்கையால் மாவின் ஓரத்தை இழுத்து நடுவில் மடியுங்கள். நாற்புறமும் அவ்வாறு மடித்து, அரைமணிக்கொரு முறையாக மும்முறை செய்யுங்கள். கையில் ஒட்டுகின்றதே என்று மேலும் மாவைத் தூவலாகாது. சப்பாத்தி மாவைவிட இது தளர்ந்திருக்க வேண்டும். அத்தளர்ச்சியே ரொட்டிக்கு மென்மை தரும். மாவு இருமடங்காகப் பொங்கியதும் எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, மேலும் முக்கால் மணி நேரம் விடுங்கள்.

இனி வருவது குழந்தைகளுக்கு உகந்த வேலை. விரல் நுனிகளால் மாவு முழுவதும் குழிகள் பதிக்க வேண்டும். மூன்று கரண்டி நீரும் இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெயும் சிட்டிகை உப்பும் அடித்துக் கலந்து அக்குழிகளில் ஊற்றுங்கள். இது ஜெனோவாவின் வழக்கம். நீர் ஆவியாகி மேற்புறத்தை மென்மையாக வைக்கும். எண்ணெய் தங்கி மணம் தரும். ஆலிவைக் கழுவித் துடைத்துக் குழிகளில் அழுத்துங்கள். தழையை எண்ணெயில் பிரட்டித் தூவுங்கள், இல்லையேல் கருகிவிடும். 220 பாகை செல்சியசில் முன்னரே சூடேற்றிய மின்சார ஓவனில் 20 முதல் 25 நிமிடம் வைத்தால் பொன்னிறமாகும். வெந்ததும் கம்பித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் அடிப்பகுதி வியர்த்து நனையும்.

ஓவன் இல்லாத வீட்டார் மனந்தளர வேண்டா. மாவைச் சிறு பகுதிகளாக்கி, தழையையும் நறுக்கிய ஆலிவையும் உள்ளேயே பிசைந்து, கனத்த இரும்புச் சட்டியில் மூடியிட்டு, சிறு தீயில் இருபுறமும் திருப்பிச் சுடலாம். பெயரின் பொருளே அடுப்பு என்றிருக்க, அடுப்பில் சுடுவதில் குறையென்ன?

தழைக்கு ரோஸ்மேரியும் தைமும் சிறந்தவை. இரண்டும் நம் நீலகிரியில் விளைகின்றன. கிடைக்காவிடில் ஓமத்தைத் தூவுங்கள். தைமுக்கு மணமூட்டும் தைமால் என்னும் பொருளே ஓமத்திலும் மிகுந்துள்ளது. தாழ்வாரத் தொட்டியில் நாம் வளர்க்கும் ஓமவல்லி, ஆர்கனோவுக்கு நெருங்கிய மணமுடையது. இரண்டு இலைகளைப் பொடியாக அரிந்தால் போதும். ஆலிவ் எண்ணெயின் விலை நம் சம்பளத்துக்கு மிகுதியே. மாவுக்குக் கடலை எண்ணெயைச் சேர்த்து, மேலே ஊற்ற மட்டும் ஆலிவ் எண்ணெயைப் பயன்படுத்தினால் செலவு கட்டுக்குள் நிற்கும், சுவையும் கெடாது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையவர்கள் உப்பையும் மைதாவையும் கருதி அளவோடு உண்பதே முறை.

இங்குப் பெரும்பாலோர் மாறி மாறி வரும் பணிமுறைக்கு உட்பட்டவர்கள். அப்பா வரும் வேளையில் பிள்ளை பள்ளியில். பிள்ளை வரும் வேளையில் அப்பா உறக்கத்தில். பிசைந்த மாவோ நமக்காகக் காத்திருக்கும். ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரவு முழுவதும் மெல்லப் புளித்து, மணம் கூடும். அதனை மறுநாள் அனைவரும் வீட்டிலிருக்கும் வேளையில் சுடலாம்.

இறுதியாக ஒன்று கூற விரும்புகின்றேன். கி.பி. 79இல் எரிமலையால் மூடுண்ட ஹெர்குலேனியம் நகரில் கரியாகிப்போன ரொட்டி ஒன்று கிடைத்தது. அதன்மீது பெயர் பொறித்த முத்திரை இன்றும் தெளிவாகத் தெரிகின்றது. தென்னித்தாலியின் மத்தேரா ஊரில் சென்ற நூற்றாண்டிலும் ஒவ்வொரு குடும்பத்தாரிடமும் மரத்தில் செதுக்கிய முத்திரை இருந்தது. வீட்டில் பிசைந்த மாவில் அதனைப் பதித்து ஊர்ப் பொது அடுப்புக்கு அனுப்புவர். வெந்த ரொட்டி இன்னார் வீட்டது என்று முத்திரையால் அறிவர். மொராக்கோவின் பழைய நகர்ப்பகுதிகளில் தெருவின் பொது அடுப்புக்கு மாவை எடுத்துச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு.

நம் சங்கக் கட்டடத்திலும் அவ்வாறு ஓர் அடுப்பு வேண்டும் என்பது என் வேண்டுகோள். வீட்டுக்கு வீடு ஓவன் வாங்க இயலாது. சங்கத்துக்கு ஒன்று வாங்க இயலும். மாதம் ஒரு ஞாயிறு, வீட்டில் பொங்கிய மாவைத் தட்டோடு கொண்டுவருவோம். முத்திரைக்கு மரம் தேட வேண்டுவதில்லை. மாவைத் திரித்து, அவரவர் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் எழுதி ரொட்டியின் மேல் பதிப்போம். அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடுவோம். தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாமல் நம் பிள்ளைகள் இங்கே வளர்கின்றனர். பள்ளியில் அதற்கு வகுப்பில்லை. வீட்டில் நமக்கு நேரமில்லை. தன் வீட்டு ரொட்டி எதுவென்று அறிய வேண்டுமாயின், தன் எழுத்தை அந்தப் பிள்ளை அறிந்தாக வேண்டும். பக்கத்துத் தட்டைக் கண்டு அடுத்த வீட்டெழுத்தையும் கற்கும்.

ஒரு மாவும் ஓர் அடுப்பும் இவ்வளவு செய்யுமாயின் அந்தச் செலவு வீணன்று. செயற்குழு இதனைக் கருதிப் பார்க்குமாறு வேண்டுகின்றேன்.