கண்ணில் படும் டப்பா



கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி. ஆனால், 51-ஆவது மீட்டரில் கடை இருக்கிறதே! அங்கே பாக்கெட்டுகள் குழந்தையின் கண்ணெதிரே சரம் சரமாகத் தொங்குகின்றன. கடலையோ மூடிய டின்னுக்குள். ஐந்து ரூபாயோடு நிற்கும் பிள்ளை எதை வாங்கும்?

எங்கள் ஐந்தாம் வகுப்பில் இதைத் திருப்பிப் போட்டோம். உள்ளிருப்பது தெரியும் டப்பாவில் வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும். பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் தட்டு. அருகில் அளவுக் கரண்டி. ஒருவருக்கு எத்தனை கரண்டி, டப்பா எத்தனை நாள் வரும் என்று பிள்ளைகளே அளந்தார்கள். கொள்ளளவுப் பாடமும் நடந்தது.

இடைவேளையில் யாரும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. டப்பா எதிரிலேயே இருக்கிறது. உங்கள் வகுப்பிலும் ஒன்று வையுங்கள்.