கழித்த கிளையை வீசாதீர்கள், கேட்டுக்கு அதுவே தோரணம்

(மார்கழி பிறந்த வாரம் நடந்த சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்தது பத்து நிமிடம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மழை ஓயும் இந்தச் சமயத்தில் நம் வளாகத்து மரங்களைக் கழிக்கிறோம். அசோகா என்று நாம் சொல்லும் நெட்டிலிங்கம், மா, வேம்பு எல்லாம் குவிந்துவிடுகின்றன. கூலி கொடுத்து வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம். அதே வாரம் கடைக்குப் போய் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மாலையும் வாங்கி வருகிறோம். வங்கியில் பேரேடு எழுதியே வயதானவனுக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது. பச்சை இலையை வீசவும் செலவு, பச்சை நிறத்தில் ஒன்றை வாங்கவும் செலவு.

குளிர் நாடுகளில் மற்ற மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது பைன், ஃபர் போன்ற ஊசியிலை மரங்கள் பசுமையாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கு அந்தக் கிளைகளை வைப்பது அதனால்தான். 1839-ல் ஹாம்பர்க் நகரில் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர், தம் விடுதிப் பிள்ளைகள் பண்டிகைக்கு நாள் எண்ண ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தார். அதில் பசுங்கிளை சுற்றும் வழக்கம் பிறகு வந்தது. நம் பக்கம் பைனுக்குப் பதில் சவுக்குக் கிளையை மண் நிரப்பிய வாளியில் நட்டு நட்சத்திரம் கட்டுகிறார்கள்.

தை பிறக்கும் முன் நம்மவர் செய்வதும் இதுவே. பக்கத்துக் கிருஷ்ணகிரி, தருமபுரியிலும் கொங்கு நாட்டிலும் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவார்கள். ஆவாரம் நம் ஊருக்கு இன்னொரு வகையிலும் சொந்தம். குரோம் வருவதற்கு முன் இந்தப் பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையில்தான்.

இனி செய்முறை.

ஒன்று, கிளை கழித்த அன்றே நல்லதாகப் பார்த்து ஒதுக்குங்கள். வெட்டிய முனையைத் தண்ணீர் வாளியில் வைத்து நிழலில் இரவு முழுக்க விடுங்கள்.

இரண்டு, மாவிலையும் நெட்டிலிங்க இலையும் சில நாள் தாங்கும். வேப்பிலை சீக்கிரம் வாடி உதிரும், அதைக் கட்டும் அன்றே பறிப்பது நல்லது. பூளைப்பூ காய்ந்தாலும் வெண்மை போகாது.

மூன்று, வளையத்துக்குப் பழைய சைக்கிள் ரிம் போதும். சணல் கயிறு அல்லது வாழைநாரால் சின்னச் சின்னக் கொத்தாக, ஒன்றன் காம்பை அடுத்தது மறைக்கும்படி கட்டுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், பிரிக்கும்போது கையைக் கிழிக்கும்.

நான்கு, அரளி கூடவே கூடாது. என்றும் பச்சையாக அழகாக இருக்கும். ஆனால் இலை முதல் பட்டை வரை விஷம். அதைக் கொளுத்தினால் புகையும் கெடுதல். குழந்தைகள் கை படும் கேட்டுக்கு அது ஆகாது.

ஐந்து, காய்ந்த இலையும் சீரியல் பல்பும் சேரக் கூடாது. விளக்குப் போட்டால் வயரை இலைக்குள் நுழைக்காமல் தனியாக இழுங்கள். மீட்டர் பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் எதுவும் கட்ட வேண்டாம். சவுக்கு நன்றாக எரியும் விறகு என்பதை மறக்காதீர்கள். கிளை சருகானால் அன்றே இறக்கிவிடுங்கள்.

பொங்கல் முடிந்ததும் கயிற்றைப் பிரித்து இலைகளை உரக்குழியில் போடுங்கள். போகியன்று கொளுத்த வேண்டாம். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை வெளியில் எரிப்பதைத் தடுத்தன. தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்து வைக்கவும் சொல்லின. நம்மில் எத்தனை பேர் இன்ஹேலர் வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், விதியே தேவையில்லை.

கடைசியாக, வருடா வருடம் நாம் சங்கடப்படும் விஷயம். பொது கேட்டில் நட்சத்திரமா, தோரணமா? யார் சந்தாவில், யார் பண்டிகைக்கு? போன வருடம் இந்தப் பேச்சில் இரண்டு வீட்டார் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த ஊரில் மசூதி, சர்ச், கோவில் மூன்றும் இருக்கின்றன. நம் படிக்கட்டிலும் மூன்று வகை வீட்டாரும் ஏறி இறங்குகிறோம்.

என் யோசனை இது. பொது கேட்டில் இலை மட்டும் இருக்கட்டும், சின்னம் எதுவும் வேண்டாம். அவரவர் சின்னம் அவரவர் வாசலில். நம் மரத்து இலை, நம் கைவேலை என்பதால் பராமரிப்புச் சந்தாவில் ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டாம். கட்ட விருப்பம் இல்லாதவரை யாரும் கூப்பிட்டு வற்புறுத்தக் கூடாது, ஏன் வரவில்லை என்று கேட்கவும் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முன் கட்டி, வாடியதை அவ்வப்போது மாற்றி, பொங்கல் வரை வைத்திருப்போம்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு, வெயில் ஏறும் முன், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கூடுவோம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கத்தரி, சணல் கயிறு, பழைய ரிம் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் மாலையை வாங்க நினைத்திருப்பவர்கள் அதுவரை மட்டும் பொறுத்திருங்கள்.